மெயின்ஃப்ரேம் வேலைக்குப் பொண்ணை அனுப்பலாமா? போச்சம்பள்ளி அப்பாவுக்குப் பதில்

அண்ணா, உங்கள் பொண்ணு பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள், பெங்களூரில், பேங்க் மாதிரி இடங்களில் ஓடும் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் தாமதம் எங்கே என்று பார்க்கும் 'பெர்ஃபார்மன்ஸ்' டீமில் ஆஃபரும் வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ஓசூரில் இருக்கும் அவள் மாமா, "மெயின்ஃப்ரேமா? அது 1964-ல வந்த மெஷினாச்சே" என்று சொல்லி உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். அவர் சொன்ன வருடம் சரிதான். ஐபிஎம் கம்பெனி சிஸ்டம் 360 என்ற மெயின்ஃப்ரேமை அறிவித்தது 1964 ஏப்ரலில். ஆனால் நீங்கள் முதலில் வாங்கிய டிராக்டரும் இன்று ஷோரூமில் நிற்கும் டிராக்டரும் ஒன்றா? பேரும் வம்சமும் பழசு, மெஷின் புதுசு. அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். அதற்கு முன் என்ன வேலை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு லோடு பெங்களூரா மாம்பழம் காலை 6 மணிக்குக் கிளம்புகிறது. மாங்கூழ் ஆலையில் இறக்கும்போது மதியம் 2 மணி. எட்டு மணி நேரம் எங்கே போனது? மண்டியில் ஒரு சீட்டு, எடைமேடையில் ஒரு சீட்டு, ஆலை வாசலில் ஒரு டோக்கன். மூன்றிலும் வேறு வேறு நம்பர், எடைமேடைக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும். மூன்றையும் ஒரே வண்டிக்குச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தாமதம் எங்கே என்று தெரியும்.

அந்த டீமில் நடப்பதும் இதேதான். பேங்கில் ஒருவர் பணம் அனுப்பினால், அந்தக் கோரிக்கையை சிஐசிஎஸ் என்ற மென்பொருள் வாங்கி, கணக்கு விவரத்துக்கு டிபி2 என்ற தகவல் கிடங்கிடம் போகும். சில இடங்களில் ஐஎம்எஸ் என்ற இன்னொரு மென்பொருளும் இருக்கும். எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எழுதி வைக்கும். எஸ்எம்எஃப் என்பது மெயின்ஃப்ரேமின் பொதுப் பதிவேடு. அதில் சிஐசிஎஸ் எழுதுவது 110-ஆம் வகை ரெக்கார்டு, டிபி2-வின் கணக்கு ரெக்கார்டு 101. ஐஎம்எஸ் தன் சொந்தப் பதிவேடான லாகில் எழுதும்: செய்தி உள்ளே வந்தால் 01, வெளியே போனால் 03, புரோகிராம் தொடங்கினால் 08, முடிந்தால் 07. இவற்றையெல்லாம் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்கு ஒரே வரியாகக் கோர்ப்பதுதான் வேலை.

கோர்க்க வேண்டுமென்றால் ரெக்கார்டின் அமைப்பு தெரிய வேண்டும். இதை அவளிடமே படிக்கக் கொடுங்கள். எஸ்எம்எஃப் ரெக்கார்டின் தலைப்பகுதி 18 பைட். அதில் 6-ஆவது பைட் வகையைச் சொல்லும். அடுத்த நாலு பைட் நேரம், நள்ளிரவிலிருந்து நூறில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில். அதற்கடுத்த நாலு தேதி. உதாரணத்துக்கு 0125161, கடைசியில் ஒரு எஃப் என்று இருந்தால், 2025-ஆம் ஆண்டின் 161-ஆம் நாள், அதாவது ஜூன் 10. துணை வகை உள்ள ரெக்கார்டுகளில் தலைப்பகுதி 24 பைட்டாக நீளும். உள்ளே இருக்கும் பகுதிகளை எங்கே, எவ்வளவு நீளம், எத்தனை என்ற மூன்று எண்களை வைத்துத்தான் தேடிப் போக வேண்டும். 110-ல் இன்னொரு வம்பு. எந்தெந்த விவரம் எழுதப்படும் என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் 'டிக்‌ஷனரி' ரெக்கார்டு ஒன்றையும் சிஐசிஎஸ் எழுதும், அது இல்லாமல் மற்றதைப் படித்தால் விவரங்கள் இடம் மாறிவிடும்.

கஷ்டம் நேரத்தில்தான் தொடங்கும். தலைப்பகுதியில் இருப்பது உள்ளூர் நேரம். உள்ளே இருக்கும் 8 பைட் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில், 1900 ஜனவரி 1 முதல் எண்ணிக்கொண்டு வருகிறது. இந்திய நேரத்தில் ஓடும் மெஷினாக இருந்தால் இரண்டுக்கும் ஐந்தரை மணி நேரம் இடிக்கும். அந்தக் கடிகாரம் 2042 செப்டம்பர் 17 அன்று நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அப்போது உங்கள் பொண்ணுக்கு நாற்பதை ஒட்டிய வயது, சர்வீஸில்தான் இருப்பாள். மாமாவிடம் இதையும் சொல்லுங்கள்.

அப்புறம், மண்டிக்காரர் சில நாள் பத்து வண்டிக்கும் சேர்த்து ஒரே சீட்டு போடுவார் இல்லையா? டிபி2-வும் செய்யும். ஒரே இணைப்பை அடுத்தடுத்த டிரான்ஸாக்‌ஷன்கள் பயன்படுத்தினால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே 101 வரலாம். சிஐசிஎஸ் பக்கம் அக்கவுண்ட்ரெக் என்ற அமைப்பைச் சரியாக வைத்தால்தான் தனித்தனியாக எழுதும், பொருத்திப் பார்க்கப் பொது அடையாளமும் கிடைக்கும். இது தெரியாதவர் பத்து வண்டிப் பழத்தை ஒரு வண்டி தலையில் ஏற்றி ரிப்போர்ட் கொடுப்பார். தெரிந்தவருக்குத்தான் டீமில் மதிப்பு.

மெயின்ஃப்ரேமில் ஜாவா அளவுக்கு வேலைகள் கிடையாது. பேங்க், இன்ஷூரன்ஸ், விமான நிறுவனம் என்று சில துறைகளைச் சுற்றியே இருக்கும், வேலை மாற நினைத்தால் வாய்ப்பும் குறைவு. ஆனால் பைட் பைட்டாகப் படித்து, நாலு இடத்துத் தகவலைப் பொருத்தி, தாமதத்தின் காரணத்தைச் சொல்லத் தெரிந்தவள் எந்த சிஸ்டத்துக்குப் போனாலும் அதைச் செய்வாள். பல வருடம் முன்பு ஒரு பையனை இதே துறைக்குப் போகாதே என்று நானே தடுத்திருக்கிறேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன்.

எனக்குள்ள பயம் வேறு. டீம் பேர் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று இருக்கும், உள்ளே போனால் தினமும் காலையில் ஒரு ஜாபை ஓட்டி, வந்த ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புவதோடு சரி. அதில் இரண்டு வருடம் உட்கார்ந்தால்தான் மாமா சொன்னது பலிக்கும். அதனால் ஹெச்ஆரிடம் அவளே கேட்கட்டும்: டேட்டாவை நாங்களே அலசுவோமா, தயார் ரிப்போர்ட்டை அனுப்புவது மட்டும்தானா? நைட் ஷிஃப்ட் எத்தனை நாள்? பதில் மழுப்பலாக வந்தாலும் ஆஃபரை விட வேண்டாம், சேர்ந்த ஆறு மாதத்தில் வேறு டீம் கேட்கத் தயாராக இருந்தால் போதும். பாண்டு இருந்தால் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம்.

சேரும் நாள் வரை சும்மா இருக்க வேண்டாம். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளம் இலவசம், நிஜ மெயின்ஃப்ரேமிலேயே ஜேசிஎல், அதாவது மெஷினுக்கு வேலை கொடுக்கும் கட்டளைகளை, எழுதிப் பார்க்கலாம். எஸ்எம்எஃப் மேனுவலும் இணையத்தில் இலவசம். பைத்தானில் அந்த 18 பைட்டைப் பிரித்து, வகை, நேரம், தேதி மூன்றையும் அச்சிடும் சின்ன புரோகிராம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துகள் இபிசிடிக் என்ற மெயின்ஃப்ரேம் குறியீட்டு முறையில் இருக்கும், சாதாரண முறையில் படித்தால் குப்பையாக வரும். ஒரு சாயங்காலம் அதில் தலையைப் பிய்த்துக்கொண்டால் முதல் மாதம் சுலபம்.

வரும் சனிக்கிழமை கிருஷ்ணகிரி வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு ரெக்கார்டின் ஹெக்ஸ் டம்ப், அதாவது பைட்டுகளை அப்படியே குறியீடாகக் காட்டும் தாள், பிரிண்ட் எடுத்து வைக்கிறேன். போன சீசன் மண்டிச் சீட்டுக் கட்டு வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.