இங்கிலீஷ் எழுதத் தமிழ் இலக்கணம் உதவுமா?

ஆங்கிலத்தில் நாலு வரி பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: தமிழ் மீடியத்தில் படித்து பி.காம் முடித்துவிட்டு, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறேன். பையருக்கு நான் எழுதும் மெயிலை மேனேஜர் முழுசாகத் திருத்திய பிறகுதான் அனுப்ப முடிகிறது. வார்த்தைகள் தெரிகின்றன, வாக்கியம்தான் அமைய மாட்டேன் என்கிறது. எங்கிருந்து தொடங்குவது? எழுதியதில் ஒரு வரி: 'யுவர் லாஸ்ட் வீக் ஆஸ்க்ட் சாம்பிள் யெஸ்டர்டே கூரியர் புட் அண்ட் ட்ராக்கிங் நம்பர் வெயிட்டிங்.'
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, அந்த வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நீங்கள் போன வாரம் கேட்ட சாம்பிளை நேற்று கூரியரில் போட்டுவிட்டு ட்ராக்கிங் நம்பருக்காகக் காத்திருக்கிறோம்.' ஒரு குறையும் இல்லாத வாக்கியம். அதன் வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தைகளை மட்டும் இங்கிலீஷுக்கு மாற்றியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். அதனால் புதிதாக நூறு விதிகளைப் படிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணம் கொஞ்சம் ஞாபகம் இருந்தால், இரண்டு மொழியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைப் பிடித்துவிடலாம்.

முதலில், அனுப்பியது யார்? 'காத்திருக்கிறோம்' என்பதில் 'ஓம்' விகுதி 'நாங்கள்' என்று சொல்லிவிடுவதால் எழுவாயைத் தமிழில் விட்டுவிடலாம், தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அதுதான். இங்கிலீஷ் வினைச்சொல்லில் அந்த விகுதி இல்லை. 'வெயிட்டிங்' என்று மட்டும் எழுதினால் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே எழுவாய் வெளியே தெரிந்தே ஆக வேண்டும், 'மழை பெய்கிறது' என்பதற்குக்கூட 'இட் இஸ் ரெயினிங்' என்று ஒரு 'இட்' போடுகிறார்கள். (கட்டளை வாக்கியம் மட்டும் விலக்கு, 'ப்ளீஸ் கன்ஃபர்ம்' என்று எழுவாய் இல்லாமல் எழுதலாம்.)

எழுவாய்க்கு அடுத்து வினை, அதற்கு அப்புறம் செயப்படுபொருள். நாம் வினையைக் கடைசிவரை கையில் வைத்திருப்போம், அவர்களுக்கு அது இரண்டாவது இடத்திலேயே வந்தாக வேண்டும். இந்த வரிசையைப் பிடிவாதமாகக் காப்பாற்ற ஒரு காரணம் உண்டு. 'சாம்பிளை' என்றதில் இருக்கும் 'ஐ' உருபு அது செயப்படுபொருள் என்று காட்டிவிடுவதால் அந்தச் சொல்லைத் தமிழில் எங்கே வைத்தாலும் பொருள் மாறாது. இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்கு அப்படி உருபு கிடையாது. யார் செய்தது, எதைச் செய்தது என்பதை இடம்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது எச்சங்கள், நம் ஆட்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இது. 'நீங்கள் போன வாரம் கேட்ட சாம்பிள்' என்பதில் 'கேட்ட' பெயரெச்சம், அதற்குச் சேர்ந்த எல்லாமே சாம்பிளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இங்கிலீஷில் 'ப்ளூ' மாதிரி ஒற்றைச் சொல் அடை முன்னால் வரலாம், 'ப்ளூ சாம்பிள்' சரி. ஆனால் உள்ளே ஒரு வினை இருந்தால் அந்தத் தொடர் முழுக்கப் பெயருக்குப் பின்னால் போய்விட வேண்டும்: 'த ப்ளூ சாம்பிள் தட் யூ ஆஸ்க்ட் ஃபார் லாஸ்ட் வீக்'. பின்னால் இருந்து முன்னால் வாசித்தால் ஏறக்குறைய நம் தமிழ்த் தொடர் கிடைக்கும்.

'போட்டுவிட்டு' வினையெச்சம். எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு வினைமுற்று வைத்து முடிப்பது நமக்கு இயல்பு. அதை அப்படியே கொண்டுபோனால் இங்கிலீஷில் 'அண்ட்', 'அண்ட்' என்று நீண்டு குழம்பிவிடும். தொடக்கத்தில் இப்படிச் செய்யுங்கள்: தமிழில் யோசித்த வாக்கியத்தில் எத்தனை வினையெச்சம் இருக்கிறதோ அத்தனையையும் வினைமுற்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் கொடுத்து, முற்றுப்புள்ளி வையுங்கள். 'வி டிஸ்பாட்ச்ட் த சாம்பிள் யெஸ்டர்டே. வி ஆர் வெயிட்டிங் ஃபார் த ட்ராக்கிங் நம்பர். வி வில் ஷேர் இட் வித் யூ டுடே.' மூன்று சின்ன வாக்கியம். குழந்தைத்தனமாக இருக்குமோ என்று கூச்சப்பட வேண்டாம், வேலை மெயிலைப் படிக்கிறவருக்கு இதுதான் வசதி. வாக்கியங்களை இணைத்து நீட்டுவதைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

அப்புறம் மெயிலில் அடிக்கடி பார்க்கிற இரண்டு விஷயம். 'பற்றி' என்ற நினைப்பில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறோம், 'டிஸ்கஸ்' என்றாலே போதும். 'அனுப்பியிருக்கிறேன்' என்பதோடு தமிழில் 'நேற்று' சேரும், 'ஐ ஹாவ் டிஸ்பாட்ச்ட்' என்பதோடு 'யெஸ்டர்டே' சேராது. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹாவ்' வேண்டாம்.

கேள்வி: பிள்ளையின் பள்ளி டைரியில் டீச்சருக்கு எழுத வேண்டியிருக்கிறது. 'ஐ ஆம் கோ', 'ஹி டிட் நாட் வென்ட்' என்றெல்லாம் எழுதி, என் மகளே திருத்துகிறாள். இந்த 'ஆம்', 'இஸ்', 'டிட்' எப்போது வரும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, 'அவர் ஆசிரியர்' என்று தமிழில் சொல்கிறோம், அதில் வினையே இல்லை. பெயரே பயனிலையாக இருக்கிறது. இங்கிலீஷில் வினையில்லாமல் வாக்கியம் முடியாது, அந்தக் காலி இடத்தில்தான் 'இஸ்' வந்து உட்காருகிறது: 'ஹி இஸ் எ டீச்சர்'. இதைக் கற்றதும், வினை இருக்கிற இடத்திலும் சேர்த்துவிடுகிறோம். 'கோ' என்ற வினை ஏற்கெனவே இருக்கும்போது 'ஆம்' தேவையில்லை, 'ஐ கோ' போதும். 'ஆம்' போட்டால் வினையோடு 'இங்' சேர வேண்டும், 'ஐ ஆம் கோயிங்'. இரண்டில் ஒன்று.

'டிட் நாட் வென்ட்' விஷயத்தில் உங்களுக்குத் தமிழே துணை. 'போகவில்லை' என்கிறோம், 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. எதிர்மறை வந்ததும் 'போன' என்பது காலம் காட்டாத 'போக' ஆகிவிடுகிறது. அங்கேயும் அப்படித்தான், இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டதால் 'வென்ட்' பழையபடி 'கோ' ஆகிறது: 'ஹி டிட் நாட் கோ'. 'டஸ்' வந்தாலும் இதே கதைதான், 'ஷி ஈட்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' 'டஸ்' உடன் போய்விடும்: 'ஷி டஸ் நாட் ஈட்'.

லீவ் லெட்டருக்கு 'ஆஸ் மை சன் இஸ் சஃபரிங்...' என்று தொடங்கும் பழைய வாய்பாடு வேண்டாம். அதில் முன்னால் 'ஆஸ்' போட்டு நடுவில் 'ஸோ' என்றும் எழுதிவிடுகிறோம், இரண்டில் ஒன்றுதான் வரலாம். 'மை சன் ஹாஸ் ஃபீவர். ஹி கேனாட் கம் டு ஸ்கூல் டுடே. ப்ளீஸ் கிராண்ட் ஹிம் லீவ் ஃபார் ஒன் டே.' இவ்வளவுதான், மரியாதையாகவும் இருக்கிறது. மகள் திருத்துகிறாள் என்றால் நல்லது, ஏன் அப்படித் திருத்தினாள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், அவளுக்கும் பாடம் பதியும்.

கேள்வி: 'எ' எங்கே, 'த' எங்கே? எத்தனை வகுப்பு போனாலும் இது மட்டும் புரியவில்லை.
— ஒரு வாசகர், அரியலூர்

பதில்: 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்', இரண்டும் ஒன்றா? முதலாவதைக் கேட்கிறவருக்கு எந்தப் புத்தகம் என்று தெரியாது. இரண்டாவதைச் சொன்னால், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த புத்தகம் என்று புரிந்துகொள்வார். முதலாவது 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் த புக்'. இந்த வித்தியாசம் உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். எல்லா இடத்துக்கும் 'ஐ' உருபு பொருந்தாது, ஆனால் 'எது என்று படிக்கிறவருக்குத் தெரியுமா?' என்ற கேள்வி அநேகமாக எல்லா இடத்திலும் உதவும்.

எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளைத் தனியாக விடக் கூடாது, 'ஐ ஹாவ் பைக்' தவறு. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' மாதிரிச் சொற்களை எண்ண மாட்டார்கள், 'எ' போட மாட்டார்கள், கடைசியில் 'ஸ்' சேர்க்கவும் மாட்டார்கள். 'எ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆன்' வருவது எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைக் கேட்டு: 'ஆன் ஹவர்', 'எ யூனிவர்சிட்டி'.

கேள்வி: தமிழில் டைப் செய்தால் போனே இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. இனிமேலும் இலக்கணம் படிக்க வேண்டுமா? படிப்பதென்றால் எந்தப் புத்தகம்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: சகோதரி, போனைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கொடுத்த வாக்கியம் சரியா என்று பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. 'நேற்று வந்தார், பணம் கொடுத்தார்' என்று தமிழில் எழுதினால் வந்தது ஆணா பெண்ணா என்று அதில் இல்லை. இங்கிலீஷில் எழுவாய் வைத்தே ஆக வேண்டியிருப்பதால் கருவி ஊகித்து 'ஹி' என்று போட்டுவிடலாம். நீங்கள் சொன்னது உங்கள் பெரியம்மாவை. அலுவலகக் கடிதத்தில் இப்படி ஆள் மாறினால் வம்பு. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் நீங்களே இங்கிலீஷில் எழுதுங்கள், பிறகு கருவியைத் திருத்தச் சொல்லுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறின இடங்களை நோட்டில் எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருகிற பிழைகளைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

புத்தகம் என்றால், ரேமண்ட் மர்ஃபியின் 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்', சிவப்பு அட்டை, தொடக்க நிலைக்கானது. இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி, விடைகள் பின்னால். அதை முடித்தவர்களுக்கு அவருடைய நீல அட்டைப் புத்தகம் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' இருக்கிறது, 1985-ல் முதலில் வந்தது, அடுத்த நிலைக்கானது. பல வீடுகளில் இருக்கும் 'ரென் அண்ட் மார்ட்டின்' சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க நல்லது, ஆனால் தானாகப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அதை முதல் புத்தகமாகச் சொல்ல எனக்கு மனமில்லை, அதில் கலைச்சொற்கள் மிகுதி. எந்தப் புத்தகமானாலும் பயிற்சியை வாயால் சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். பேனா எடுத்து முழு வாக்கியமாக எழுதி, அதே அமைப்பில் உங்கள் வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதுங்கள்.