மூடியைக் கழற்றினீர்களா? இரட்டை லென்ஸ் கேமராக் கேள்விகள்

முதல்முறையாக இரட்டை லென்ஸ் கேமரா வாங்குகிறேன். லூபிடெல், சீகல், யாஷிகா மூன்றில் எது? கையில் அதிகம் இல்லை. (கோயம்புத்தூர்)

யாஷிகா டி. எல்லோரும் அதே கம்பெனியின் மேட் 124ஜி பின்னால் ஓடியே அதன் விலையை ஏற்றிவிட்டார்கள். டி-யில் குமிழைத் திருகி ஃபிலிமை நகர்த்த வேண்டும், வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் ஷட்டரைத் தனியாக ஏற்ற வேண்டும். அதுதான் கஷ்டம் என்றால் கஷ்டம். படம் பிடிக்கும் கீழ் லென்ஸில் யாஷினான் என்று இருந்தால் நான்கு கண்ணாடி, யாஷிகார் என்றால் மூன்று. மூன்றுக்காக முகம் சுளிக்க வேண்டாம், லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் நன்றாகவே எடுக்கும். சீகல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கையில் பார்க்காமல் வாங்காதீர்கள். லூபிடெல் பிளாஸ்டிக் உடம்பு, அரைக் கிலோ சொச்சம், விளையாடச் சரி. ஆனால் அதில் நாம் பார்க்கும் மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் பல் கோத்துச் சுழல்பவை. யாரோ கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் மேலே தெளிவாகத் தெரியும், ஃபிலிமில் மங்கலாக விழும்.

எதை வாங்கினாலும் பின்கதவைத் திறந்து, ஷட்டர் வேகத்தை 1 நொடியில் வைத்து, அழுத்திக் காதால் கேளுங்கள். 'சோதிக்கவில்லை, ஆனால் நன்றாக இருக்கும்' என்று விற்பவர் சொன்னால் அவர் சோதித்துவிட்டார் என்று பொருள்.

ஒரு ரோல் முழுக்க ஒன்றுமே வரவில்லை. என்ன காரணம்? (ஊர் எழுதவில்லை)

எந்தக் கேமரா, எந்த ஃபிலிம், யார் கழுவியது, ஒன்றும் எழுதாமல் காரணம் கேட்டால் நான் என்ன கிளி ஜோசியமா பார்க்கிறேன்? நெகடிவின் ஓரத்தில் எண்களும் கம்பெனிப் பெயரும் தெரிகின்றனவா? தெரியவில்லை என்றால் கழுவியதில் கோளாறு. படத்தை வரவழைக்கும் டெவலப்பர் செத்துப்போயிருக்கும், அல்லது பிறகு ஊற்ற வேண்டிய ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பார்கள். தெரிகிறது என்றால் கேமராவுக்குள் வெளிச்சமே போகவில்லை. பார்ப்பது மேல் லென்ஸ் வழியே, படம் பிடிப்பது கீழ் லென்ஸ் வழியே. இரண்டுக்கும் சேர்ந்த மூடி தொலைந்து, தனித்தனி மூடி போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் கீழ் மூடியைக் கழற்றினீர்களா?

குனிந்து பார்த்தால் இடம் வலம் மாறித் தெரிகிறது. பழுதா? (கரூர்)

இல்லை. உள்ளே முகம் பார்ப்பதுபோன்ற கண்ணாடி ஒன்றே ஒன்று இருப்பதால் அப்படித்தான் தெரியும். இரண்டு ரோலில் பழகிவிடும்.

மேல் லென்ஸில் ஃபங்கஸ். வாங்கலாமா? (நாகப்பட்டினம்)

மேல் லென்ஸ் என்றால் படத்தில் தெரியாது. அதைக் காட்டியே விலையைக் குறையுங்கள். கீழ் லென்ஸைப் பின்கதவு வழியே டார்ச் அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். கடலோர ஊரில் இருக்கிறீர்கள். தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டினால் கீழ் லென்ஸுக்கும் வந்துவிடும். மூடி இறுகிய டப்பா, சிலிக்கா ஜெல், போதும்.

என் யாஷிகாவில் 1/30-க்கு மேல் எல்லா வேகமும் சரி. 1 நொடி வைத்தால் திறந்தபடியே நின்றுவிடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும் என்கிறார் நண்பர். (மதுரை)

விடாதீர்கள். நண்பரிடமிருந்து அந்த எண்ணெய்ப் புட்டியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் தகடுகள் மெல்லிசானவை, ஒன்றின்மேல் ஒன்று சரிபவை. காய்ந்திருந்தால்தான் சரியும். எண்ணெய் பட்டால் ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகள்போல் ஒட்டிக்கொள்ளும். உங்கள் கேமராவில் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது தகடே இல்லை. 1 நொடி, அரை நொடியை இழுத்துப் பிடிப்பது கடிகாரத்தில் இருப்பதுபோன்ற சின்னப் பல்சக்கரத் தொடர். அழுத்தியதும் ர்ர்ர் என்று கேட்கிறதே, அதுதான். ஐம்பது அறுபது வருஷத்து கிரீஸ் அதில் பிசினாகியிருக்கிறது. மேல் வேகங்களுக்கு அதன் தயவு அவ்வளவாகத் தேவையில்லை, அதனால் அவை ஓடுகின்றன. எண்ணெய் அந்தப் பிசினை இளக்கும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். ஒரு வாரத்தில் இரண்டும் சேர்ந்து தகட்டுக்கு இறங்கும்.

பட்டுத்தான் சொல்கிறேன். முப்பது வருஷம் முன்பு என் ரோலிகார்டை ஒருவரிடம் கொடுத்தேன். மறுநாளே 'ரெடி சார்' என்றார். வீட்டில் அழுத்திப் பார்த்தேன், ர்ர்ர் என்று அழகாக ஓடியது. பத்து நாள் கழித்துத் தங்கை மகளுக்குக் காதுகுத்து. மூன்றாவது படத்தில் தகடு பாதி திறந்து நின்றது. சத்தம் கேட்டது, படம் விழுந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஒன்பது எடுத்தேன். அந்த நெகடிவ் ஒன்பதும் கரி. பின்கதவைத் திறந்து பார்த்தால் தகட்டில் வானவில் நிறத்தில் ஒரு படலம்; மழை நாளில் பெட்ரோல் பங்க் தரையில் தெரியுமே, அதேதான். வேறொருவர் முழுக்கப் பிரித்துக் கழுவி மாட்ட ஒரு மாதம் ஆயிற்று. கூலி, நான் கேமரா வாங்கிய விலையைத் தாண்டியது.

ஷட்டரைப் பிரித்துக் கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள். 'எண்ணெய் போட்டுத் தருகிறேன்' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதுவரை 1/30-க்குக் கீழே இறங்காதீர்கள். பழைய ஷட்டரில் செல்ஃப் டைமரையும் தொடாதீர்கள், பாதியில் நின்றால் எல்லாமே நின்றுவிடும்.

மினோல்டா ஆட்டோகார்டில் ஃபோகஸ் நெம்பு இறுகியிருக்கிறது. கொஞ்சம் பலமாகத் தள்ளலாமா? (யாழ்ப்பாணம்)

தள்ளினால் நெம்பு கையோடு வரும். அது எளிதில் உடையும் வார்ப்பு உலோகம். அங்கேயும் கிரீஸ்தான் இறுகியிருக்கிறது. எதையும் பலம் கொடுத்துத் திருகாதீர்கள். செலவு செய்து சரிபார்க்கலாம், அந்த ரொக்கார் லென்ஸ் அதற்குத் தகும்.

ஃப்ளாஷ் அடிக்கிறது, படம் கறுப்பு. (சேலம்)

எம் (M) எழுத்தில் இருக்கும் நெம்பை எக்ஸ் (X) எழுத்துக்குத் தள்ளுங்கள். எம் என்பது அந்தக் கால பல்புக்கு. உங்கள் ஃப்ளாஷ் ஷட்டர் திறக்குமுன்பே அடித்து ஓய்ந்துவிடும்.

124ஜி-யில் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு பேட்டரி கிடைக்கவில்லை. (சென்னை)

அது 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரி, இனி வராது. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் அளவு தப்பும். காதுகேள் கருவிக்குப் போடும் 675 பேட்டரியை ஒரு வளையம் வைத்து மாட்டலாம், 1.4 வோல்ட் கிடைக்கும். ஃபோனில் மீட்டர் ஆப் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பது என் கட்சி. மீட்டருக்காக 124ஜி வாங்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது!

தாத்தாவின் கோடக் டியூவாஃப்ளெக்ஸ் கிடைத்தது. 120 ஃபிலிம் உள்ளே போகவில்லை. சுருளின் ஓரத்தைத் தேய்த்து நுழைக்கலாமா? (திருநெல்வேலி)

தம்பி, தேய்க்காதே. அது 620 ஃபிலிம் போடும் கேமரா. ஃபிலிம் அதே அகலம்தான், அதைச் சுற்றியிருக்கும் சுருள்தான் ஒல்லி. இருட்டில் 120 ஃபிலிமை 620 சுருளுக்கு மாற்றிச் சுற்று. முதலில் ஒரு கெட்டுப்போன ரோலை வைத்து வெளிச்சத்தில் பழகிக்கொள். இன்னொன்று, அது இரட்டை லென்ஸ் வேஷம் போட்ட பெட்டி. மேலே பார்த்து ஃபோகஸ் செய்ய முடியாது. ஃபிலிமை மாற்றிச் சுற்றிப் போட 620 சுருள் இரண்டு வேண்டும். கேமராவுக்குள் காலிச் சுருள் ஒன்று இருந்திருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதாதே.