ஐம்பத்தொரு வயதில் மறுபடி வகுப்பறை: ஸ்ட்ராட்டஜி கோர்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு

வணக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு ரப்பர் ஹோஸ் செய்யும் கம்பெனியில் ஆபரேஷன்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். போன மாதம் ஈசிஆரில் ஒரு வளாகத்தில் ஆறு நாள் தங்கி பிசினஸ் ஸ்ட்ராட்டஜி கோர்ஸ் முடித்தேன். அதைச் சொன்னதும் நிறையக் கேள்விகள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து: 27 வருட அனுபவம் உள்ளவருக்கு வாத்தியார்கள் புதிதாக என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும் சார்?

நானும் அதே நினைப்போடுதான் போனேன். மூன்றாம் நாள், அவரவர் கம்பெனியின் ஸ்ட்ராட்டஜியை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னார்கள். ஃப்யூயல் ஹோஸ் (பெட்ரோல் குழாய்) செய்யும் லைனில் வீணாகும் ஸ்கிராப்பைப் பாதியாகக் குறைத்ததைப் பெருமையாக எழுதினேன். பேராசிரியர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வண்டியில் பெட்ரோல் டேங்கே இல்லாவிட்டால் இந்த ஹோஸை எங்கே மாட்டுவீர்கள்?"

எலக்ட்ரிக் கார் எனக்குத் தெரியாததல்ல. அது மார்க்கெட்டிங் ஆட்களின் கவலை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. எலக்ட்ரிக் காரில் பெட்ரோல் குழாய்க்கு வேலையில்லை. ஆனால் பேட்டரியைத் திரவம் ஓட்டிக் குளிர்விக்கும் வண்டிகளுக்குக் கூலன்ட் ஹோஸ் வேண்டும். இரண்டையும் நாங்களே செய்கிறோம். அப்படியிருந்தும் இரண்டாவது ஃப்யூயல் ஹோஸ் லைன் போடலாம் என்று பரிந்துரைத்து, கையெழுத்துப் போட்டவன் நான்.

ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் பிரித்துக் காட்டுகிறார். வேலையைத் திறமையாகச் செய்வது வேறு. எந்த வேலையைச் செய்வது, எதை விடுவது என்று தீர்மானிப்பது வேறு. பிளான்டில் வளர்ந்த நாம் முதலாவதில் கெட்டி. இரண்டாவதை மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுகிறோம். நாமே மேலே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை.

வேளச்சேரியிலிருந்து: கேஸ் ஸ்டடி என்கிறார்களே, கதை படிப்பதில் என்ன இருக்கிறது?

ஒரு நிறுவனத்தில் நிஜமாக நடந்ததைப் படித்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிப்பதுதான் கேஸ் ஸ்டடி. எங்களுக்கு வந்தவற்றில் ஒன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டரின் நேரம் வீணாகாது. பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் இலவச சிகிச்சை நடக்கிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் இறக்குமதி விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992-ல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள்.

மருத்துவமனை லென்ஸ் செய்யப் போகலாமா என்று வகுப்பில் ஒன்றரை மணி நேரம் சண்டை. கோயம்புத்தூரில் பம்ப் செட் செய்பவர் வேண்டவே வேண்டாம் என்று நின்றார். கடைசியில் எல்லாருக்கும் ஒன்று புரிந்தது. ரெண்டு மேசை முறையை மட்டும் காப்பியடித்தால் அரவிந்த் ஆகாது. நோயாளி எண்ணிக்கை, லென்ஸ் விலை, இலவச முகாம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

வகுப்புக்கு முந்தின ராத்திரியே கேஸைப் படித்துவிடுங்கள். படிக்காமல் போனால் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

தாம்பரத்திலிருந்து: தமிழ் மீடியம் அண்ணா. இங்கிலீஷில் விவாதம் என்றாலே பயம்.

நானும் தமிழ் மீடியம்தான் தம்பி. முதல் நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாள் ஷாப் ஃப்ளோரில் நடந்த ஒன்றை உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். வகுப்பே திரும்பிக் கேட்டது. இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை, உங்கள் தொழிலில் நீங்கள் கண்ட உண்மையைத்தான் கேட்கிறார்கள். தைரியமாகப் போங்கள்.

அண்ணா நகரிலிருந்து: கம்பெனி பணம் கட்டுமா?

கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கட்டினார்கள். இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்று பாண்ட் இருந்தால் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆவடியிலிருந்து: ஆன்லைனில் இலவசமாகவே கிடைக்கிறதே?

பாடம் கிடைக்கும். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் (NPTEL) தளத்தில் நல்ல நிர்வாகப் பாடங்கள் இருக்கின்றன. சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம். இளைஞர்களுக்கு அதுவே போதும். என்னைப் போன்றவர்களுக்கு எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச ஆள் வேண்டும். ஆபீஸில் யாரும் என்னை மறுத்துப் பேசிப் பல வருஷமாகிறது.

பாரிமுனையிலிருந்து: எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் பயன்படுமா?

நிச்சயமாக. கோர்ஸுக்கே போக வேண்டாம். போர்ட்டர் 1979-ல் சொன்ன ஐந்து போட்டிச் சக்திகளை உங்கள் கடைக்கான கேள்விகளாக ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு விலை இறக்குகிறார்? புதிதாகக் கடை போடுவது எவ்வளவு சுலபம்? கம்பெனி டீலர் திடீரென்று கடன் கொடுப்பதை நிறுத்தினால்? வாங்க வருபவர் போனில் விலை பார்த்துப் பேரம் பேசினால்? உங்கள் சரக்குக்குப் பதிலாக வேறு வகைச் சரக்கே வந்துவிட்டால்? எந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கை தயங்குகிறதோ, அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார வேண்டும்.

போரூரிலிருந்து: திரும்பி வந்து என்ன செய்தீர்கள்?

திங்கட்கிழமை காலையிலேயே எம்.டி. அறைக்குப் போய், நான் பரிந்துரைத்த லைனை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அவருக்குக் கோபம், கஸ்டமருக்கு என்ன பதில் சொல்வது என்றார். நியாயமான கேள்வி. இருக்கும் லைனில் மூன்றாவது ஷிஃப்ட் ஓட்டி ஆர்டரைச் சமாளிப்பதாகச் சொன்னேன். மூன்று மாதம் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். கூலன்ட் ஹோஸ் டெஸ்டிங் மெஷினுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். ஒன்று வந்துவிட்டது, இன்னும் இரண்டு வர வேண்டும்.