தென்னாப்பிரிக்க தேசிய கீதம் ஏன் ஐந்து மொழிகளில் இருக்கிறது? அதன் பொருள் என்ன?

அது முதலில் ஒரே பாட்டு அல்ல. எதிரெதிர்த் தரப்புகள் பாடிய இரண்டு பாட்டுகளின் இணைப்பு.

ஜோகன்னஸ்பர்க் அருகே மிஷன் பள்ளி ஆசிரியராக இருந்த ஏனோக் சொன்டோங்கா 1897-இல் கோசா மொழியில் எழுதிய வழிபாட்டுப் பாடல் 'ந்கோசி சிகெலெல் இயாஃப்ரிகா'. 'இறைவா, ஆப்பிரிக்காவை ஆசீர்வதியும்' என்று பொருள். நிறவெறிக்கு எதிரான கூட்டங்களில் மக்கள் பாடியது இதைத்தான். மற்றொன்று, கவிஞர் லாங்கன்ஹோவன் 1918-இல் ஆப்பிரிக்கான்ஸில் (டச்சு மொழியிலிருந்து உருவான மொழி) எழுதிய 'டி ஸ்டெம்', அதாவது 'குரல்'. வெள்ளையர் அரசின் கீதம்.

1994-இல் மண்டேலா ஆட்சிக்கு வந்தபோது இரண்டுமே தேசிய கீதங்களாக இருந்தன. சரி, இரண்டையும் முழுதாகப் பாடினால் நீளும் அல்லவா? 1997-இல் சுருக்கி இணைத்தார்கள்.

முதலில் கோசா: ஆப்பிரிக்காவின் கொம்பு உயரட்டும் என்கிறது. கொம்பு இங்கே வலிமை, பெருமை. அடுத்து சூலு: எங்கள் வேண்டுதலைக் கேளும். செசோத்தோ வரிகள்தான் என்னை அதிகம் உலுக்குபவை: 'எங்கள் தேசத்தைக் காத்தருளும், போர்களையும் துன்பங்களையும் முடித்துவையும்.' அப்புறம் மெட்டு மாறி, நீல வானத்தையும் ஆழ்கடலையும் எதிரொலிக்கும் பாறைகளையும் பாடும் ஆப்பிரிக்கான்ஸ். கடைசியில் ஆங்கிலம், ஒன்றுசேர்ந்து விடுதலைக்காகப் பாடுபடுவோம் என்ற இந்த வரிகள் இணைப்பின்போது புதிதாக எழுதப்பட்டவை.

சொன்டோங்காவின் மெட்டு எல்லை தாண்டியும் வாழ்கிறது: தான்சானியா, சாம்பியா இரண்டின் கீதங்களுக்கும் அதே மெட்டுதான்.