வெள்ளியா, சனியா?

கேள்வி: ரொபின்சன் குரூசோவின் கதையை அவனுடைய ஏவலாள் ‘வெள்ளிக்கிழமை’யின் (ஃப்ரைடே) பக்கத்திலிருந்து நாமும் திருப்பி எழுதினால் நமது தேசிய அடையாளம் துலங்குமா?
(மூதூர் வாசகர். பெயரைப் போட வேண்டாமாம்.)

பதில்: பெயர் வேண்டாம் என்பவரை எப்படிக் கூப்பிடுவது? உமது கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆகவே, குரூசோ துரை காட்டிய வழியில், உமக்குச் ‘செவ்வாய்’ என்று பெயர் வைக்கிறேன். வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறதென்றால் மன்னிக்கவும், தம்பி.

டானியல் டிஃபோ 1719இல் எழுதிய அந்த நாவலில், ஆளில்லாத் தீவில் கரையொதுங்கிய குரூசோ, தான் காப்பாற்றிய மனிதனிடம் ‘உன் பெயரென்ன?’ என்று கேட்கவேயில்லை. காப்பாற்றிய நாள் வெள்ளி, ஆகவே நீ வெள்ளிக்கிழமை, நான் எசமான். முதற்பாடம் அவ்வளவுதான். இதைவிட ருசியான சங்கதி ஒன்று இருக்கிறது. மரக்கட்டையில் கத்தியால் கீறி நாட்கணக்கு வைத்த அந்த மனுசன், கணக்கில் ஒன்றிரண்டு நாள் தவறிவிட்டதென்று தானே ஒத்துக்கொள்கிறான். காய்ச்சலில் கிடந்தபோது ஒரு நாளைத் தூங்கியே கழித்திருக்கிறான். அப்படியானால் அவன் வெள்ளி என்று நினைத்தது சனியாக இருக்கலாம். அந்த ஏழையைப் பிடித்தது எதுவென்று இப்போது விளங்குகிறதா? வெள்ளிக்கிழமை காசு வெளியே போகக்கூடாது என்பார்கள் நமது வீடுகளில். குரூசோவுக்கு முழுசாக ஓர் ஆளே உள்ளே வந்தான், சம்பளமில்லாமல்.

திருப்பி எழுதியும் ஆயிற்று. தென்னாபிரிக்காவின் ஜே. எம். கூட்ஸி 1986இல் ‘ஃபோ’ என்று எழுதினார். அதில் வெள்ளிக்கிழமை பேசுவதில்லை. நாக்கை அறுத்துவிட்டார்கள் என்று கதையில் சொல்கிறார்கள். அவனுக்காக நான் பேசுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குச் சொன்ன பதிலாகவே எனக்குப் படுகிறது. (‘விளிம்பின் குரல்’ என்று கூட்டம் வைத்து, நாலு மணித்தியாலம் தானே பேசி, பொன்னாடையையும் தானே வாங்கி வரும் நமது கவிஞருக்கு அந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தேன். 3 வருடமாயிற்று. வெள்ளிக்கிழமை கொடுத்தது என் பிழை.)

செவ்வாயாரே, நீர் குடியிருக்கும் ஊரை ஒருதரம் பாரும். ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதில் வந்த ரொபேட் நொக்ஸையும் தகப்பனையும் மற்றவர்களையும் பிடித்துப் போனார்கள். 19 வருடத்துக்கு மேல் இருந்து, 1679இல் தப்பி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டான் நொக்ஸ். டிஃபோ அதை வாசித்தவர். 1720இல் வந்த தனது இன்னொரு நாவலில் நொக்ஸின் கதையைச் சுருக்கிச் சேர்த்தே விட்டார். குரூசோவிலும் அதன் சாயலைக் காண்பவர்கள் உண்டு. ஆக, சரக்கு உமது கரையிலிருந்து போனது. உமது பக்கத்துப் புளியமரத்தடியில் 1893இல் நட்ட கல்லில் பிடிபட்டவன் பெயர் இருக்கிறது, பிடித்தவன் பெயர் இல்லை.

இங்கே கைதி வெள்ளைக்காரன். வெள்ளிக்கிழமையைத் தேடி நாம் எங்கே போக? அந்தக் கைதி தொப்பி பின்னி விற்றான், நெல்லை 50 சதவீத வட்டிக்குக் கொடுத்தான். நெல் வாங்கிய கமக்காரன் அறுவடையன்று பெண்சாதியிடம் என்ன சொன்னான் என்று எவரும் எழுதவில்லை. அதை எழுதும். அவன் கண்டிப் பக்கத்துச் சிங்களவன். அதனால் நமது தேசிய அடையாளம் துலங்காதென்றால் துலங்காமலே கிடக்கட்டும்.

மாற்றி எழுதுவதில் நமது ஊர் எப்போதோ முந்திவிட்டது. ஐரோப்பியக் கதையொன்றை எடுத்து 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’ ஆக்கினார் திருகோணமலை இன்னாசித்தம்பி. ஓர்சன் ஊசோனானான், வலன்டைன் பாலந்தையானான். திருகோணமலையைத் துரைமார் ‘ட்ரிங்கோமலி’ ஆக்கியதற்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை. (‘திருக்கோணமலை’ என்று ‘க்’ போடச் சொல்லி இன்னமும் கடிதம் எழுதும் பண்டிதர்களுக்கு: போட மாட்டேன்.)

அடையாளம் என்றால் எனக்கு அட்டைதான் ஞாபகம் வரும். என் அடையாள அட்டையில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து விழுந்துவிட்டது. திருத்த 22 வருடம் அலைந்தேன். நொக்ஸ் அதற்குள் தப்பியே போய்விட்டான்.

உமது சந்தா மாசியோடு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காசு கொடுக்கக்கூடாது என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை லோஞ்சுப் படகில் கொடுத்துவிடும்.