கால்நடை கேள்வி – பதில்: காலுக்குக் கால் மாறும் நொண்டல்

கேள்வி: ஏரிச்சாலையில் சவாரிக்கு விடும் மட்டக்குதிரை, வயது ஒன்பது. இரண்டு மாதமாக விறைத்து விறைத்து நடக்கிறது. ஒரு வாரம் இடது முன்னங்காலைத் தாங்கும். அடுத்த வாரம் வலது பின்னங்கால். வீக்கம் இல்லை. இரண்டு தடவை லாடம் மாற்றியாயிற்று. வலி ஊசி போட்டால் நான்கு நாள் நன்றாக நடக்கிறது, பிறகு பழையபடிதான். காலை மாலை கோதுமைத் தவிடும் கொஞ்சம் அவித்த கொள்ளும், பகலில் மேய்ச்சல். எங்கே கோளாறு?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி பதில் தீனிக் கணக்கிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் குளம்பைச் சரிபார்த்துவிட வேண்டும். முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதிக்குக் காரணம் குளம்புக்குள்தான் இருக்கும்.

ஊசியின் வேகம் முழுக்கத் தீர்ந்த பிறகு பாருங்கள். சமமான தார்ச்சாலையில் ஒருவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து முப்பது தப்படி நேராக நடத்தட்டும். திரும்பி வரும்போது மெல்லோட்டம். கயிறு இறுகினால் தலையசைவு மறைந்துவிடும். முன்னங்காலில் வலி என்றால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே போகும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பலர் இதைத் தலைகீழாகப் படித்து நல்ல காலுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பின்னங்காலுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும்: வலிக்கும் பக்கத்து இடுப்பெலும்பு மற்றதைவிட அதிகம் ஏறி இறங்கும். சரிவில் சோதிக்க வேண்டாம், எந்தக் குதிரையும் கோணல் நடைதான் நடக்கும்.

அடுத்து நான்கு குளம்புகளையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். கணுவின் பின்புறம் இரு ஓரமும் விரல் வைத்தால் நாடி லேசாகத்தான் தட்டுப்படும். ஒரு காலில் மட்டும் துள்ளித் துடித்தால் உள்ளே சீழ் இருக்கலாம், அல்லது லாட ஆணி சதையில் ஏறியிருக்கலாம். முன்னங்கால் இரண்டிலும் துடித்து, குதிரை பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நின்றால் குளம்பின் உட்படலம் அழன்றிருக்கிறது. அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது. ஆணி பட்ட வலி லாடம் அடித்த ஓரிரு நாளில் தொடங்கி அதே காலில் நிற்கும். உங்கள் குதிரைக்கு வலி கால் விட்டுக் கால் போகிறது. ஆணியோ சுளுக்கோ அப்படி நடமாடாது; எலும்பு வலுவிழந்தால் இப்படி ஆகும்.

குதிரையின் மொத்தத் தீனியில் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாக, முடிந்தால் ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பத்து மடங்கு. போதாததற்கு மலையில் மேயக் கிடைப்பது பெரும்பாலும் கிக்குயு புல். அதிலுள்ள ஆக்சலேட், வரும் கால்சியத்தையும் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். அதே புல்லைத் தின்னும் மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்பீர்கள். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த இரைப்பை கிடையாது. குறைந்த கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் சேர்க்கிறது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே வரும். அந்தத் தாளை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் முகத்தின் இருபுறமும் தடவுங்கள். எலும்பு பருத்து மேடு தட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். மேடு இல்லாவிட்டாலும் நோய் இல்லையென்று ஆகாது, விறைப்பு முந்தி வரும்.

தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். கிக்குயு மேய்ச்சலைப் பாதியாக்கி, கிடைத்தால் குதிரை மசால் கொடுங்கள். அதில் கால்சியம் அதிகம். நெல் வைக்கோலை அதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம், அதிலும் ஆக்சலேட் உண்டு. தாது உப்புக்கு, தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூள் ஒரு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு பங்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு, நோய் வந்துவிட்ட நிலையில், வாரம் 1 கிலோ இந்தக் கலவையை ஒன்றரை கிலோ மொலாசஸில் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) குழைத்து மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், வாய் வெந்துவிடும். ஆறு மாதமாவது தொடர வேண்டும். நடை சில வாரங்களில் தேறத் தொடங்கும். முகத்து மேடு முழுக்க வடியாது. எலும்பு தேறும்வரை பாரம் ஏற்ற வேண்டாம், எளிதில் முறியும்.

வலி ஊசி பற்றி ஒரு வார்த்தை. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006-லேயே தடை. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-ல் தடை செய்யப்பட்டன. ஊசி போட்ட கால்நடை செத்தால் அதைத் தின்னும் கழுகும் சாகும். மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். என்ன மருந்து என்று குப்பியைப் பார்த்துக் கேளுங்கள்.

கேள்வி: மழையில் மூன்று நாள் கொட்டிலிலேயே நின்ற குதிரை, சவாரிக்குக் கிளப்பிய கால் மணி நேரத்தில் வியர்த்து, பின்பக்கம் விறைத்து நின்றுவிட்டது. வயிற்று வலி என்று நினைத்து நடத்தினோம், மோசமாகிவிட்டது. சிறுநீர் காப்பி நிறம்.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: வயிற்று வலி இல்லை, தசைச் சிதைவு. வேலையில்லாத நாளிலும் தானியம் முழு அளவில் கொடுத்திருப்பீர்கள். புட்டத்துத் தசையை அழுத்திப் பாருங்கள், பலகையாக இருந்தால் இதுதான். சிறுநீரின் நிறம் சிதைந்த தசையிலிருந்து வருவது. அது சிறுநீரகத்தை அடைக்கும்.

இனி இப்படி நேர்ந்தால் நின்ற இடத்திலேயே சேணத்தை இறக்குங்கள், ஓரடிகூட நடத்தாதீர்கள். குளிரில் முதுகைப் போர்த்தி, தண்ணீர் வையுங்கள். வண்டி கிடைத்தால் அதில் ஏற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுவாருங்கள். சிறுநீர் கறுத்திருந்தால் இரத்த நாளம் வழியே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும், மருத்துவர் வர வேண்டும். தசை நொதிகளுக்கான இரத்தச் சோதனையில் சிகே (CK) என்ற நொதி சில மணி நேரத்தில் உச்சம் தொடும், ஏஎஸ்டி (AST) என்ற நொதி ஒரு நாள் கழித்து, இரண்டையும் கேளுங்கள். மழை நாட்களில் தானியத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, புல்லை மட்டும் நிறையப் போடுங்கள். கொட்டிலைச் சுற்றியாவது தினம் நடத்துங்கள்.

கேள்வி: குளம்பில் ஆணி குத்தி இரண்டு வாரம். புண் ஆறிவிட்டது. இப்போது நான்கு காலும் மரக்கால் மாதிரி, காது விறைத்து, தீனி மெல்ல முடியவில்லை.
– வாசகர், குன்னூர்

பதில்: இதைப் படிக்கும்வரை காத்திருக்கக் கூடாத கேள்வி. தாடையை லேசாகத் தட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைப் படலம் குறுக்கே பாய்கிறதா பாருங்கள், பாய்ந்தால் ரணஜன்னி (டெட்டனஸ்). இருட்டான, சத்தமில்லாத கொட்டிலில் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். மற்றவர்களுக்கு: டெட்டனஸ் தடுப்பூசி இரண்டு தவணை, நான்கு முதல் ஆறு வார இடைவெளியில், பிறகு வருடம் ஒன்று.