பாவித்த போனும் பழைய திகதியும்

கேள்வி: ஹட்டன் கடைத்தெருவில் பாவித்த போன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 2018இல் வெளிவந்த மாதிரி. கமரா நன்றாக இருக்கிறது, விலையும் எங்கள் கைக்கு எட்டுகிறது. ஆனால் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் என் மகள், இதன் கெர்னலில் குறை இருக்கும், வாங்க வேண்டாம் என்கிறாள். கடைக்காரரோ, ரீசெட் செய்து தருகிறேன், ஒன்றும் ஆகாது என்கிறார். போனின் பாதுகாப்புத் திகதி (கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தத்தின் திகதி) 1 ஆகஸ்ட் 2021 என்று செட்டிங்ஸ் காட்டுகிறது. அதில் வங்கிச் செயலியும் போட வேண்டும். யார் சொல்வது சரி? – வாசகி, தலவாக்கலை

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று கருத வேண்டியதில்லை. ரீசெட் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாடசாலை நூல்களில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறோமே, அதன் அடிப்பகுதிதான் கெர்னல். அண்ட்ரொய்ட் போன்களில் இருப்பது லினக்ஸ் கெர்னல். ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் அடைத்து வைத்து, ஒன்றின் தரவை மற்றொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. நீங்கள் போடும் டோர்ச் செயலி உங்கள் வங்கிச் செயலிக்குள் எட்டிப் பார்க்க முடியாமல் இருப்பது இந்தக் காவலால்தான். அந்தக் காவலிலேயே ஒரு பிழை இருந்து, அதைப் பயன்படுத்தி ஒரு சாதாரணச் செயலி முழுப் போனுக்கும் உரிமையாளராகிவிடுவதையே சிறப்புரிமை உயர்வு என்கிறார்கள்.

2019 ஒக்டோபரில் கூகுளின் ஆய்வாளர் மெடி ஸ்டோன் வெளிப்படுத்திய குறையை எடுத்துக்கொள்வோம். செயலிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் பைண்டர் என்ற பகுதியில் அது இருந்தது. நினைவகத்தில் ஓர் இடத்தைக் கெர்னல் விடுவித்துவிடுகிறது. ஆனால் அந்த இடத்தைச் சுட்டும் குறிப்பை அழிக்க மறந்துவிடுகிறது. தோட்டத்தை விட்டுப் போன ஒருவரின் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டாமல் விட்டால், அவருடைய லயத்து அறையில் வந்து குடியேறிய வேறொருவர் அதே பெயரில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகலாம் அல்லவா? இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். விடுவிக்கப்பட்ட இடத்தில் தீய செயலி தன் தரவை வைத்துவிட, அது பழைய ஆள்தான் என்று நம்பி நடக்கிறது கெர்னல்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தப் பிழை லினக்ஸில் 2017 டிசம்பரிலேயே திருத்தப்பட்டிருந்தது. ஆனாலும் அந்தத் திருத்தம் கடைகளில் விற்ற பல போன்களுக்கு வந்து சேரவில்லை. பிக்சல் 2, கலக்ஸி எஸ்7, எஸ்8, எஸ்9, ஹுவாவி பி20, ரெட்மி 5ஏ ஆகியவை பாதிக்கப்பட்டவையாகப் பெயர் சொல்லப்பட்டன. மருந்து இருப்பது வேறு, அது நம் வீட்டுக்கு வந்து சேர்வது வேறு. 2020 ஜனவரியில், பிளே ஸ்டோரிலேயே கமராச் செயலி என்ற வேடத்தில் இருந்த ஒரு செயலி இதே குறையைப் பயன்படுத்தியது தெரியவந்து அகற்றப்பட்டது. ஆகவே இது ஆய்வுக்கூடத்து அச்சம் மட்டுமல்ல.

நீங்கள் பார்த்த போனின் திகதி 2021 என்பதால், அந்தக் குறிப்பிட்ட குறை அதில் திருத்தப்பட்டிருக்க வேண்டும். அந்த 2021 ஆகஸ்டுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவைதான் சிக்கல். மாதந்தோறும் அறிக்கை வெளியிட்டு, கெர்னல் குறைகள் உட்படப் பலவற்றை அண்ட்ரொய்ட் திருத்திக்கொண்டே வருகிறது. உங்கள் போனோ அந்த மாதத்தோடு நின்றுவிட்டது. எந்த வழியால் நுழையலாம் என்பது உலகறிய எழுதிவைக்கப்பட்டிருக்க, உங்கள் கதவு மட்டும் திறந்தே கிடக்கும். ரீசெட் என்பது உங்களுக்கு முன் பாவித்தவரின் படங்களையும் கணக்குகளையும் துடைக்கும். கெர்னலை அது தொடுவதில்லை. செட்டிங்ஸில் தனியாகக் காட்டும் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் புதியதாக இருக்கிறது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அதுவும் கெர்னலைத் திருத்துவதில்லை.

திகதியில் வரும் நாளுக்கும் ஒரு பொருள் உண்டு. 1 என்று முடிந்தால் அந்த மாதத்து அண்ட்ரொய்ட் திருத்தங்கள் அடங்கியுள்ளன என்றும், 5 என்று முடிந்தால் கெர்னல், சிப் தொடர்பான திருத்தங்களும் சேர்ந்துள்ளன என்றும் கொள்ள வேண்டும். ஆனால் சில நிறுவனங்கள் எப்போதும் 1 என்றே காட்டும். நாளை வைத்து மட்டும் ஒரு போனைத் தள்ளிவிடாதீர்கள், மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள்.

அப்படியானால் எதை வாங்குவது? கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன், இதற்குப் பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும் என்று கேளுங்கள். 2023இல் வந்த பிக்சல் 8க்கும் 2024இல் வந்த கலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுகள் தருவதாக அந்த நிறுவனங்கள் அறிவித்துள்ளன. விலை குறைந்த வரிசையில் கலக்ஸி ஏ16க்கு 6 ஆண்டுகள். இந்த ஆண்டுகள் மாதிரி வெளியான நாளிலிருந்து எண்ணப்படுபவை, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பாவித்த போன் வாங்குவோர் தடுக்கி விழும் இடம் இதுதான். என்னைக் கேட்டால், நல்ல கமராவுள்ள 2018 போனைவிட, கமரா சுமாரான, இன்னும் 3 ஆண்டுகள் அப்டேட் வரக்கூடிய போனே பெறுமதியானது.

கடையிலேயே மூன்றைச் சரிபாருங்கள். போனை அணைத்துத் திரும்ப இயக்கும்போது, பூட்லோடரின் (போனை முதலில் இயக்கிவைக்கும் பகுதியின்) பூட்டுத் திறக்கப்பட்டது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றினால் வாங்காதீர்கள். யாரோ அதன் அடிப்பகுதியில் கைவைத்திருக்கிறார்கள். ரூட் செய்த (முழு அதிகாரமும் திறந்துவிடப்பட்ட) போன் வேகமானது என்று புகழ்ந்தாலும் அதுவே பதில், ஏனெனில் குறை இல்லாமலேயே காவல் அங்கே தளர்ந்திருக்கிறது. அடுத்து, *#06# தட்டினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்தப் போனின் தனி அடையாள எண்ணை) குறித்து, ஆங்கில எழுத்துகளில் ஐஎம்இஐ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியுள்ளதா என்பது தெரியும். பின்னர், மாதிரியின் பெயரும் ஐஎம்இஐ எண்ணும் எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். அப்டேட் வரும் என்று கடைக்காரர் வாக்களித்தால், அதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பொய் சொல்லி விற்றிருந்தால், வாங்கி 3 மாதங்களுக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரிக்க 1977 என்ற இலக்கம் உண்டு.

கேள்வி: என்னிடம் ஏற்கெனவே அப்படிப்பட்ட பழைய போன்தான் இருக்கிறது. புதிது வாங்கப் பணமில்லை. வைரஸ் கார்ட் செயலி போட்டால் போதுமா? – வாசகர், பொகவந்தலாவை

பதில்: போதாது. அந்தச் செயலியும் கெர்னல் கொடுத்த அறைக்குள் இருப்பதுதான். தனக்குக் கீழே உள்ள அத்திவாரத்தை அதனால் பழுதுபார்க்க முடியாது. ஆனால் பெரும்பாலும் இத்தகைய குறையைப் பயன்படுத்த, தீய செயலி முதலில் உங்கள் போனுக்குள் வந்தாக வேண்டும். அந்த வாசலை நீங்கள் அடைக்கலாம். வட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளை நிறுவாதீர்கள். பாவிக்காத செயலிகளை நீக்குங்கள். தீய செயலிகளைத் தேடிப்பார்க்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்டை அணைக்காதீர்கள். வங்கி வேலையை அப்டேட் வரும் வேறொரு போனில், வீட்டில் ஒருவருடையதிலாவது, வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கும் செய்திக்கும் இந்தப் போன் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும்.

கேள்வி: பண்டாரவளையில் எங்கள் கணினி வகுப்புக்குப் பாவித்த மடிக்கணினிகள் 6 வாங்கப் போகிறோம். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. பல மாணவர்கள் ஒரே கணினியைப் பாவிப்பார்கள். – ஆசிரியர், பண்டாரவளை

பதில்: பலர் ஒரே கணினியில் அமரும் இடத்தில்தான் இத்தகைய குறை மிகவும் கடிக்கும்; மாணவர் கணக்கில் நுழைந்தவர் நிர்வாகி கணக்கின் அதிகாரத்தைப் பெற்றுவிடலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கக்கூடிய கணினியா என்று (இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ) விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேட்டு, வெளியான நாளிலிருந்து 5 ஆண்டுகள் திருத்தம் வரும் உபுண்டு 24.04 போன்ற லினக்ஸ் பணிசெயல் முறைமை ஒன்றை நிறுவுங்கள்.

லினக்ஸிலும் குறை வரும். 2022 மார்ச்சில் டேர்ட்டி பைப் என்ற பெயரில் வெளியான குறை, 5.8 முதற்கொண்ட கெர்னல்களில் இருந்தது. பழைய கெர்னல்கள் தப்பின, புதியவை மாட்டின. அதைக் கண்டுபிடித்த மக்ஸ் கெலர்மனுக்கு முதல் துப்பு, தரவிறக்கிய கோப்பு விரிய மறுக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் கொடுத்த முறைப்பாட்டிலிருந்து கிடைத்தது. சிறு முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்கும் கடைக்காரர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வேலை மட்டும் உங்கள் கையில்: கெர்னல் அப்டேட் இறங்கிய பின், கணினியை மூடிவைத்தால் போதாது, அணைத்துத் திரும்ப இயக்க வேண்டும். அதுவரை ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னலே. வாரத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும், ஆறையும் மறுபடி இயக்கிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.